அழித்துவிட்டு வடை தின்றவள்

அவளுடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் வாசிக்கிறவர்களில் இரண்டு பேராவது, "ஆ, அந்தப் பிள்ளையோ, தங்கமான பிள்ளையெல்லோ" என்று தொடங்கிவிடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒரே மேசையின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக இருந்து வேலை செய்தவர்கள் நாங்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று ஊருக்குத் தெரிந்ததை விட எனக்கு அதிகம் தெரியும்.

கிளிநொச்சியில் ஒரு சீமெந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே லொறியில் சீமெந்து இறக்கினால் மேலே எங்கள் விசைப்பலகையில் தூசு படியும். போனுக்கும் கணினிக்கும் செயலிகள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். அதில் என்னுடைய வேலையும் அவளுடைய வேலையும் மெனு. ஒரு செயலியைத் திறந்ததும் எதை எங்கே தொடவேண்டும் என்று காட்டுகிற பகுதிதான் அது. அதே செயலியை ஒருவர் உள்ளங்கையளவு போனில் திறப்பார், இன்னொருவர் அலுவலகச் சுவரில் தொங்குகிற பெரிய திரையில் திறப்பார். இரண்டிலும் மெனு ஆளை அலைக்கழிக்கக் கூடாது. கேட்க இலகு. செய்து பார்த்தால்தான் தெரியும், தங்கைக்குத் தைத்த சட்டையை அண்ணனுக்கும் அளவாக்கச் சொல்கிற கரைச்சல் அது.

அவள் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. வவுனியாவில் ஒரு வெதுப்பகத்தின் செயலிக்கு மெனு கீறியிருந்தாள். பெரிய திரையில் இடது பக்கம் ஒரு நிரை. ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் பாண், பணிஸ், கேக் என்று தன் கையாலேயே கீறிய சின்னச் சின்னப் படங்கள். பாணின் மேல்தோல் வெடிப்புக்கூட அதில் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு, நல்லதென்று சொல்லாமல் இருக்க என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது தேநீர்க் கோப்பையோடு எங்கள் முதலாளி வந்தார். அவரை நாங்கள் எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம்.

"நல்ல வடிவாயிருக்கு. போனிலை எப்பிடி வரும்?" என்று கேட்டார்.

அவள் திரையை ஒடுக்கிப் பார்த்தாள். பாணும் பணிசும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எழுத்தெல்லாம் நசிந்து போய்விட்டன.

"ஓம், சரிவராது" என்றாள். அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவுசெய்து அழித்துவிட்டாள். நாட்கணக்காகக் குனிந்திருந்து கீறிய படங்கள்! அழித்த கையோடு எழும்பி, "ஆர் வடைக்கு வாறியள்?" என்று கேட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அவள் அப்படித்தான். அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். அவளுக்குத் தான் செய்த ஒன்றிலும் பற்று இல்லை. கெட்டிக்காரிகளை நான் கண்டிருக்கிறேன். கெட்டிக்காரியோடு போட்டி போடலாம். கை நிறைய வைத்திருந்து அதைக் கொட்டிவிட்டு வடை தின்னப் போகிறவளோடு என்ன போட்டி போடுவது?

நான் வேறு சாதி மனுசி. என்னுடைய கணினியில் 'முடிவு', 'புதிய முடிவு', 'உண்மையான முடிவு', 'இதுதான் முடிவு' என்று ஒரு மெனுவுக்கே இத்தனை கோப்புகள் இருக்கும். ஒன்றையும் அழிக்க மனம் வராது. ஒருமுறை பூவாளி மாதிரி ஒரு சின்னம் கீறினேன். அது விளங்கவில்லை என்று அண்ணை சொன்னார். ஒரு மாதம் அவரோடு சண்டை பிடித்தேன். கடைசியில் அவர் களைத்துப்போய் விட்டுவிட்டார். அந்தப் பூவாளி இன்றைக்கும் அந்தச் செயலியில் இருக்கிறது. எல்லாரும் அதைத் தேநீர்க் கேத்தில் என்றுதான் நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

மெனுவில் மட்டும் என்றாலும் பரவாயில்லை. அவள் முள்ளியவளையிலிருந்து விடிய வெளிக்கிட்டு, இடையில் பஸ் மாறி வருவாள். மழைநாளில் குடையை ஆரிடமாவது கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வந்து நிற்பாள். குடை திரும்பி வந்ததா என்று கேட்டால், "எந்தக் குடை?" என்பாள். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தாய் போன் எடுத்தா. பேசிவைத்த சம்பந்தம் குழம்பிப் போய்விட்டதாம். தாயின் அழுகை எனக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"சரி அம்மா, அது போகட்டும். நீங்கள் சாப்பிட்டியளோ?" என்றாள்.

போனை வைத்துவிட்டு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டாள். எனக்குப் பயமாகவே இருந்தது. இவளுக்கு ஒன்றும் ஒட்டாதா? எனக்கென்றால், குழம்பிப்போன சம்பந்தத்தை விடுங்கள், பேச்சுக்கே வராத சம்பந்தங்களை நினைத்தே நித்திரை கெட்டவள் நான்.

அந்தக் காலத்தில்தான் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு விவசாயிகள் சங்கம் செயலி கேட்டு வந்தது. எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர், உரப்பசளை எப்போது வரும், கூட்டம் எப்போது என்று எல்லாம் அதில் வரவேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் யானை. வயலில் யானை இறங்கினால் கண்டவர் ஒன்றை அமத்த, அங்கத்தவர் எல்லாருடைய போனும் அலறவேண்டும். சங்கத்துக்காரர் வைத்திருந்தவை கண்ணாடி வெடித்த சின்னப் போன்கள். சங்க மண்டபத்திலோ வெளிநாட்டுக்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்த, அரைச் சுவர் அளவான திரை.

"ரெண்டு பேரும் தனித்தனியாச் செய்யுங்கோ. சங்கத்துக்காரர் ஆரின்ரையை எடுக்கினமோ அவதான் இனி வடிவமைப்புப் பகுதிக்குப் பொறுப்பு" என்று அண்ணை சொன்னார்.

பொறுப்பு எனக்கு வேண்டும். அதை மறைப்பானேன்? ஆனால் அதைவிட இன்னொன்று எனக்கு வேண்டியிருந்தது. என் அப்பா குடியேற்றத் திட்டத்துக் காணியில் நெல் விதைக்கிறவர். மகள் என்ன வேலை என்று ஆராவது கேட்டால், "கொம்பியூட்டரிலை ஏதோ கீறுது" என்று சொல்லிவிட்டுத் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். வங்கிக்காரருக்கும் கடைக்காரருக்கும் நான் செய்ததெல்லாம் அவருக்கு என்ன விளங்கும்? இது தண்ணீரும் பசளையும் யானையும். இது நன்றாக வந்தால் மற்றச் சங்கங்களும் எடுக்கும். அப்பா தன் போனில் திறப்பார். இது நான் செய்தது, என் கையால் செய்தது என்று அவருக்குச் சொல்லலாம். எனக்கு அது வேண்டும். அவளுக்கு என்ன, வடை இருந்தால் போதும்.

நான் உலகம் முழுக்கச் செய்கிற மாதிரிச் செய்தேன். பெரிய திரையில் இடது பக்கம் முழுப் பட்டியலும் விரிந்து நிற்கும். சொற்களுக்காக எவ்வளவு பாடுபட்டேன்! 'அவசர அறிவித்தல்' என்று எழுதாமல் 'யானை வந்திட்டுது' என்றே எழுதினேன். போனில் இடம் காணாது. ஆகவே இடது மேல்மூலையில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று கோடுகள். அதைத் தொட்டால் பட்டியல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வரும்.

அவளோ பஸ்ஸில் ஆட்களுடைய கையைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். "எல்லாரும் ஒரு கையாலை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையின்ரை பெருவிரலாலைதான் எல்லாம் அமத்துகினம்" என்றாள். திரையின் அடியில், பெருவிரல் எட்டுகிற இடத்தில், ஐந்து படங்களை வரிசையாக வைத்தாள். அந்த யானைப் படத்தைப் பார்த்துவிட்டு நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. அவ்வளவு வடிவு.

பரீட்சித்துப் பார்க்க நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். அண்ணை மோட்டார் சைக்கிளில் வந்தார். மண்டபம் நிறையச் சனம். முதலில் என்னுடையதை எல்லாருடைய போனிலும் போட்டுக் கொடுத்தோம். முன்வரிசையில், நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பெரியவர் இருந்தார். போனை வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு உற்றுப் பார்த்தார். பிறகு மூன்று கோட்டையும் விரலால் தொடுவது போல் மேலோட்டமாகக் காட்டி, அந்த விரலைத் தன் கண்ணில் ஒத்திக்கொண்டார்.

"நல்ல பிள்ளையள்" என்றார். "தொடங்கேக்கையே மேலை திருநீறு வைச்சுத் தொடங்கியிருக்கினம்."

"ஓமெல்லோ!" என்று பக்கத்தில் இருந்த அக்காவும் தன் போனைக் கண்ணில் ஒத்தினா. மண்டபம் முழுக்க அது பரவியது. எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க, நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தேன்.

"சரி, இப்ப யானையைக் காணுறியள் எண்டு வைப்பம். அறிவிச்சுப் பாருங்கோ" என்றார் அண்ணை.

முகப்பில் அழகுக்குப் போட்டிருந்த குளத்துப் படத்தை அமத்தினார்கள். சங்கத்தின் பெயரை அமத்தினார்கள். மேலும் கீழும் இழுத்தார்கள். மூன்று கோட்டை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"ஐயா, அந்த மேல்மூலையிலை அமத்துங்கோ" என்றேன்.

"எதை, திருநீற்றையோ?" பெரியவரின் முகம் மாறிவிட்டது. "அது விளையாடுற இடமோ பிள்ளை?"

பின்வரிசையில் விதைநெல் வியாபாரம் செய்கிற நானா ஒருவர் இருந்தார், முல்லைத்தீவு முஸ்லிம் ஆள். பாவம், அவர்தான் எனக்காக இரங்கினார். "உங்கட ஆக்களின்ர குறி எண்டு நினைச்சு நானும் கை வைக்கேல்லை பிள்ளை" என்றார். நிலம் பிளந்திருந்தால் அப்படியே இறங்கியிருப்பேன்.

பிறகு அவளுடையது. கொடுத்த உடனே எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். "இந்தா யானை! இந்தா தண்ணி!" என்று சின்னப்பிள்ளைகள் மாதிரிக் குதூகலம். என் கதை முடிந்தது என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அப்பாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

அந்த நேரம் பார்த்து ஒருவர், பெரிய கை, போனை மனைவியிடம் நீட்டியிருக்கிறார். பெருவிரல் யானையில் விழுந்துவிட்டது. மண்டபத்தில் இருந்த அத்தனை போனும் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. இரண்டு பேர் வாசலுக்கு ஓடினார்கள். ஒருவர் என்ன ஏதென்று கேட்காமலே மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து யானைவெடியை எடுத்துக் கொளுத்திப் போட்டுவிட்டார். அதன் சத்தத்தில் மண்டபத்து ஓட்டிலிருந்து தூசு கொட்டியது. எல்லாரையும் திரும்ப இருத்தி முடிய, இன்னொரு பெருவிரல். மறுபடியும் அலறல். பெரிய திரையிலோ அவளுடைய ஐந்து படங்களும் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாகப் பிரிந்து கிடந்தன.

"தண்ணியிலை இருந்து பசளைக்குப் போக பஸ்தான் பிடிக்கவேணும்" என்று அந்த அக்கா சொல்ல, மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், மனம் நிறையச் சிரித்தேன்.

அவள் திரையைப் பார்த்தாள். "ஓம், சரிவராது" என்றாள். அத்தனை பேருக்கும் முன்னால், அந்த யானையையும் சேர்த்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

சங்கத்துக்காரர் தேநீரும் வடையும் கொண்டுவந்தார்கள். அவள் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் வடையோடு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"உன்ரை பட்டியலை ஒருக்காத் தா."

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொடுக்காமல் என்ன செய்வது? அவள் என் பட்டியலை எடுத்து, போனின் முதல் பக்கமே அதுதான் என்று ஆக்கிவிட்டாள். ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. பெரிய எழுத்தில் ஒன்றின் கீழ் ஒன்று. தொட்டால் அது முழுத் திரையிலும் திறக்கும், திரும்பி வந்தால் பட்டியல். பெரிய திரையில் அதே பட்டியல் இடது பக்கம் நிற்க, தொட்டது வலது பக்கம் திறக்கும். யானை மேலே சிவப்பில். அதை மட்டும் சற்று நேரம் அமத்திப் பிடிக்கவேண்டும், சும்மா விரல் பட்டால் அலறாது. எங்கள் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டாள்.

ஒருவரும் தடுமாறவில்லை. பெரியவர் மட்டும், "அப்ப அந்தத் திருநீறு?" என்று கவலையாகக் கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது மேலை இருக்கட்டும் ஐயா. ஒண்டுக்கும் இல்லை, சும்மா இருக்கட்டும்" என்றாள். என்னுடைய மூன்று கோடுகள், தொட்டால் ஒன்றும் திறக்காத மூன்று கோடுகளாக, மூலையில் நின்றன.

"இப்ப இது ஆரின்ரை?" என்று அண்ணை கேட்டார்.

"அவளின்ரை" என்று என்னைக் காட்டினாள். "நான் இடத்தை மாத்தினதுதான்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிச்சையா போடுகிறாய் எனக்கு? "பொய்!" என்று கத்திவிட்டேன். "அவள்தான் செய்தது. எல்லாரும் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்!"

பெரியவர் தலையை ஆட்டினார். "பாத்தியளோ, எவ்வளவு அடக்கம். பெத்தவை வளத்த வளர்ப்பு" என்றார். சனம் கைதட்டியது. அண்ணையும் கைதட்டினார். உண்மையைச் சொன்னதற்கு எனக்கு அடக்கமானவள் என்ற பெயரும் சேர்ந்து கிடைத்தது.

பஸ்ஸுக்குக் காத்துநிற்கும்போது அவள் கதைக்கவில்லை. வழமையாக வாய் ஓயாதவள் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெருந்தன்மை காட்டுகிறாளாம் என்று எனக்கு இன்னும் எரிந்தது.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?" என்று கேட்டேன்.

"எப்பிடி?"

"என்ரை எண்டு."

"சொல்லெல்லாம் உன்ரைதானே. யானை வந்திட்டுது எண்டு எழுத எனக்கு வந்திருக்காது" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. யன்னல்கரையில் இடம் பிடித்து இருந்தவள், யானைவெடி கொளுத்தின மனுசனை நினைத்து விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் அவள் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போய்விட்டாள். இப்போது வீட்டில் இருந்து பிறந்தநாள் கேக் செய்து ஐசிங் போட்டுக் கொடுக்கிறாளாம். அவளுக்கு ஏற்ற தொழில். செய்ததை அன்று பின்னேரமே வெட்டித் தின்றுவிடுவார்கள்.

அந்தச் செயலியை நான் நினைத்தபடியே மற்றச் சங்கங்களும் எடுத்தன. அப்பாவின் போனிலும் இருக்கிறது. வாய்க்கால் கட்டில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டு, "இஞ்சை பார், தேடத் தேவையில்லை, எல்லாம் கண்ணுக்கு முன்னாலை. என்ரை மகள் செய்தது" என்று காட்டுகிறார். தேடத் தேவையில்லாமல் செய்தது அவள். நான் அப்பாவுக்கு ஒருமுறை சொன்னேன். "உனக்கு எப்பவும் அடக்கம்" என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் அண்ணை என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய, மடித்து விரிக்கிற போன்கள் இப்போது வயல்வெளிக்கும் வந்துவிட்டன. மடித்தால் சின்னத் திரை, விரித்தால் பெரியது. அந்த மெனு அதில் குழம்புகிறது, அடியோடு மாற்றவேண்டும் என்றார். திறந்துவைத்துக்கொண்டு இருந்தேன். என்னால் அழிக்க முடியவில்லை. என்னுடையது என்றால் பற்று என்று விளங்கும். என்னுடையதும் இல்லையே! கடைசியில் வெட்கத்தை விட்டு அவளுக்கே போன் எடுத்தேன். அந்தப் பக்கம் முட்டை அடிக்கிற யந்திரத்தின் இரைச்சல்.

"அந்த மெனுவை அழிக்கப் போறன். உன்னட்டை ஒரு சொல்லுக் கேப்பம் எண்டு" என்றேன்.

"எந்த மெனு?"

எனக்கு உச்சியில் ஏறியது. "ஒட்டுசுட்டான் மெனு! நீ கதிரையிலை இருந்து செய்தனீயெல்லோ!"

"நானோ?" யந்திரத்தை நிறுத்தினாள். "எனக்கு உன்ரைதான் நினைவிருக்கு. அந்தத் திருநீற்று மெனு. எத்தினை பேருக்குச் சொல்லிச் சிரிச்சிருக்கிறன்." பிறகு குரலைத் தணித்து, "உனக்கு ஒண்டு தெரியுமோ? அண்டைக்கு எனக்கு உன்னிலை சரியான பொறாமை" என்றாள்.

"உனக்கோ? என்னிலையோ?"

"பின்னை? நான் எத்தினை கீறியிருப்பன். ஒண்டையாவது ஆரும் கண்ணிலை ஒத்தினவையோ? உன்ரை மூண்டு கோட்டை அந்த ஐயா கும்பிட்டார். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. வாய் திறக்கவே மனம் வரேல்லை."

இத்தனை வருடமும் நான் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்தது அவளிடமும் இருந்திருக்கிறது. அவளுக்கும் ஒன்று ஒட்டியிருக்கிறது! எனக்கு முதன்முதலாக அவளைப் பிடித்துப்போன மாதிரி இருந்தது.

"எவ்வளவு காலம் இருந்தது உனக்கு?" என்று மெல்லக் கேட்டேன்.

"காலமோ? விசரி" என்று சிரித்தாள். "பஸ் வருமட்டும்தான்."